சர்வே படித்த நாவலாசிரியர்: ஹோசே ரிசால் (1861–1896)

விழுப்புரம், பண்ருட்டி பக்கத்து நண்பர்கள் வேர்க்கடலையை மல்லாட்டை என்று சொல்லும்போது ஹாஸ்டலில் சிரிக்காதவர்கள் குறைவு. ஆனால் அது சும்மா வந்த பேச்சு இல்லை. மணிலாக்கொட்டை என்பதுதான் வாய்க்கு வாய் தேய்ந்து மல்லாட்டை ஆகியிருக்கிறது. மணிலா, பிலிப்பைன்ஸ் நாட்டின் தலைநகரம். வேர்க்கடலை பிறந்ததோ தென் அமெரிக்காவில். அங்கே பிறந்த செடி நம்ம ஊருக்கு வரும்போது மணிலாவின் பெயரை ஏன் ஒட்டிக்கொண்டு வந்தது? பசிபிக் சமுத்திரத்தின் அந்தக் கரையும் இந்தக் கரையும் அப்போது ஒரே எஜமானனின் கையில் இருந்தன. அந்த எஜமானன் ஸ்பெயின்.

1521-ல் மெகல்லன் ஸ்பெயின் கொடியோடு பசிபிக்கைத் தாண்டி வந்து இந்தத் தீவுகளைத் தொட்டார். அதே வருஷம் ஏப்ரல் 27-ந் தேதி மக்தான் தீவில் லாபுலாபு என்ற தலைவனின் ஆட்களோடு மோதி உயிரை விட்டார். 1565-ல் லெகாஸ்பி என்பவர் வந்து செபு தீவில் காலூன்றினார். 1571-ல் மணிலா தலைநகராயிற்று. தீவுகளுக்குப் பெயர் ஸ்பெயின் நாட்டு பிலிப்பின் பெயரால் வந்தது. அப்புறம் 1815 வரை, 250 வருஷம், மணிலாவுக்கும் மெக்சிகோவின் அகபுல்கோ துறைமுகத்துக்கும் இடையே பாய்மரக் கப்பல்கள் போய் வந்தன. அங்கிருந்து வெள்ளி வரும். இங்கிருந்து சீனத்துப் பட்டு போகும். 1821-ல் மெக்சிகோ விடுதலை அடையும் வரை பிலிப்பைன்ஸை மெக்சிகோ வழியாகவே நிர்வாகம் செய்தார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஸ்பெயின்காரர்கள் மேற்கு நோக்கியே கப்பல் விட்டு வந்ததால் மணிலாவின் தேதியும் அமெரிக்கக் கண்டத்தின் தேதியாகவே இருந்தது. பக்கத்துச் சீனாவுக்கு ஒரு நாள் பின்னால்! கடைசியில் 1844-ல் கவர்னர் ஜெனரல் கிளாவேரியா ஓர் உத்தரவு போட்டார். அந்த வருஷம் டிசம்பர் 30-ந் தேதி தூங்கப் போன மணிலாக்காரர்கள் விழித்தது 1845 ஜனவரி 1-ந் தேதியில். டிசம்பர் 31 என்ற நாளே அவர்களுக்கு இல்லை.

நாளையே எடுத்துவிடக்கூடிய அரசாங்கத்துக்கு மனிதர்களின் பெயர் எம்மாத்திரம்? இதே கிளாவேரியா 1849-ல் இன்னொரு உத்தரவு போட்டார். வரி வசூலுக்கும் மக்கள் கணக்குக்கும் சௌகரியமாக எல்லாக் குடும்பத்துக்கும் நிரந்தரமான குடும்பப் பெயர் வேண்டும் என்றார். சுமார் 60,000 பெயர்கள் அகர வரிசையில் அச்சாகி ஊர் ஊராகப் போயிற்று. சில ஊர்களுக்குப் புத்தகத்தின் ஒரு பக்கம்தான் கிடைத்தது. அதனால் ஊர் முழுக்க ஒரே எழுத்தில் தொடங்கும் பெயர்கள்! இன்றைக்கும் பிலிப்பைன்ஸ்காரர்கள் பெயரைக் கேட்டால் ஸ்பெயின் தேசத்தார் போல இருப்பதற்கு இந்த உத்தரவு ஒரு பெரிய காரணம்.

நம் கதாநாயகனின் குடும்பமும் இதில் தப்பவில்லை. அவருடைய முன்னோர் சீனாவிலிருந்து வந்து குடியேறிய ஒரு வியாபாரி. சந்தை என்று பொருள்படும் மெர்காதோ என்ற பெயரை அவர் வைத்துக்கொண்டார். 1849 உத்தரவுக்குப் பிறகு ரிசால் என்பதும் சேர்ந்தது. அறுத்த பிறகு மறுபடி துளிர்க்கும் பசும்பயிர் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள்.

கலம்பாவில் ஒரு பையன்

ஹோசே ரிசால் 1861 ஜூன் 19-ந் தேதி, மணிலாவுக்குத் தெற்கே லகூனா மாகாணத்தில் கலம்பா என்ற ஊரில் பிறந்தார். பதினொரு பிள்ளைகளில் ஏழாவது. அப்பா பிரான்சிஸ்கோ மெர்காதோ, அம்மா தெயோதோரா அலோன்சோ. வசதியான குடும்பம்தான். கல் வீடு, புத்தக அலமாரி, கரும்பு, நெல் எல்லாம் இருந்தது. ஆனால் நிலம் சொந்தமில்லை. டொமினிக்கன் துறவியர் சபைக்குச் சொந்தமான பெரும் பண்ணையில் அவர்கள் குத்தகைதாரர்கள்.

இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் ரிசாலின் வாழ்க்கை பாதி புரிந்த மாதிரி. கவர்னர்கள் சில வருஷம் இருந்துவிட்டுக் கப்பல் ஏறிவிடுவார்கள். துறவியரோ கடைசி வரை அங்கேயே இருப்பார்கள். பல ஊர்களில் கண்ணில் படும் ஒரே ஸ்பெயின்காரர் பங்குச் சாமியார்தான். பள்ளிக்கூடத்தை மேற்பார்வை பார்ப்பவர் அவர், நன்னடத்தைச் சான்று தருபவர் அவர், ஜனக்கணக்குக்குக் கையெழுத்துப் போடுபவரும் அவர். சில இடங்களில் நிலத்துக்குச் சொந்தக்காரரும் அவர் சபைதான். உள்ளூர்க்காரர்களை இந்தியோ என்றார்கள். கொலம்பஸ் அமெரிக்காவை இந்தியா என்று நினைத்து வைத்த பெயர், சுற்றிக்கொண்டு இங்கே வந்து வசையாக மாறியது. அசல் இந்தியாவில் இருக்கும் நமக்கு இது ஒரு மாதிரியாகத்தான் இருக்கும்.

பையனுக்குப் பத்து வயது இருக்கும்போது வீட்டில் இடி விழுந்தது. உறவுக்காரப் பெண்ணுக்கு விஷம் வைக்கப் பார்த்தாள் என்று அம்மா மேல் பொய் வழக்கு. கலம்பாவிலிருந்து மாகாணத் தலைநகர் சாந்தா குரூஸ் வரை சுமார் 50 கிலோமீட்டர் அவரை நடக்கவைத்தே கூட்டிப்போனார்கள். இரண்டரை வருஷம் சிறை. கடைசியில் குற்றமில்லை என்று விட்டார்கள். அவ்வளவுதான், மன்னிப்பெல்லாம் கிடையாது.

அடுத்த அடி 1872-ல். காவித்தே என்ற இடத்தில் கப்பல் கட்டும் தளத்துத் தொழிலாளர்களும் சிப்பாய்களும் கலகம் செய்தார்கள். அதைச் சாக்காக வைத்து, உள்நாட்டுப் பாதிரிமாருக்குச் சம உரிமை கேட்டுவந்த கோமெஸ், புர்கோஸ், சமோரா என்ற மூன்று பாதிரியார்களைப் பிப்ரவரி 17-ந் தேதி கழுத்தை நெரித்துக் கொன்றது அரசு. ரிசாலின் அண்ணன் பசியானோ, அந்தப் புர்கோஸின் வீட்டில் தங்கிப் படித்தவர். மெர்காதோ என்ற பெயர் போலீஸ் கண்ணில் விழுந்துவிட்டது. அதனால் அதே வருஷம் தம்பியை மணிலாவில் அதெனெயோ பள்ளியில் சேர்க்கும்போது ரிசால் என்ற பெயரில் சேர்த்தார்கள். கிளாவேரியாவின் உத்தரவால் வந்த பெயர் கடைசியில் பையனுக்குக் கவசமாயிற்று.

அதெனெயோ, இயேசு சபைக்காரர்கள் நடத்தியது. வகுப்பை ரோமானியர், கார்த்தேஜியர் என்று இரண்டு சாம்ராஜ்யமாகப் பிரித்துப் போட்டி வைப்பார்கள். முதல் மாணவன்தான் சக்கரவர்த்தி. ஸ்பானிஷ் தடுமாறிய இந்தக் கிராமத்துப் பையன், மதிய இடைவேளையில் தனியாக ஸ்பானிஷ் ட்யூஷன் படித்தான். வந்த ஒரு மாதத்திலேயே சக்கரவர்த்தி ஆனான்!

இப்போது நம்ம சிவில் பிரிவு நண்பர்கள் நிமிர்ந்து உட்காரலாம். 1877-ல் பட்டம் வாங்கியபின் ரிசால் சாந்தோ தோமாஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அதே சமயம் அதெனெயோவில் நில அளவைத் தொழிற்படிப்பும் படித்தார். டோப்போகிராபியில் தங்கப் பதக்கம். 1878-ல் கடைசிப் பரீட்சையும் தேறிவிட்டார். ஆனால் வயது 17. சர்வேயர் சர்ட்டிபிகேட் கைக்கு வர 1881 ஆயிற்று. நாவலாசிரியர், கண் டாக்டர், தேசத் தலைவர் என்று உலகம் கொண்டாடும் மனிதர் முறையாகப் பெற்ற முதல் தொழில் தகுதி, சர்வேயர்.

அம்மாவின் பார்வை மங்கிக்கொண்டு வந்தது. அதற்காகவே மருத்துவத்துக்கு மாறினார். ஒருநாள் இரவு கலம்பா தெருவில் இருட்டில் எதிரே வந்த சிவில் கார்டு லெப்டினண்டை அடையாளம் தெரியாமல் வணக்கம் சொல்லாமல் போனதற்காக முதுகில் வெட்டு வாங்கினார். கவர்னர் ஜெனரலிடம் புகார் கொடுத்தும் பலன் இல்லை. 1882 மே 3-ந் தேதி, அப்பா அம்மாவுக்கும் சொல்லாமல், அண்ணன் கொடுத்த பணத்தோடு ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறினார். இந்தத் தடவை பாஸ்போர்ட்டில் பெயர் ஹோசே மெர்காதோ! உள்ளே வர ரிசால், வெளியே போக மெர்காதோ. சிங்கப்பூர், காலி, கொழும்பு, ஏடன், சூயஸ் என்று அந்தப் பயணம் போனது.

பேனாவை எடுத்தார்

மாட்ரிட் நகரில் மருத்துவமும் இலக்கியமும் சேர்த்துப் படித்தார். ஊரிலிருந்து பணம் சரியாக வருவதில்லை. 1884 ஜூன் 25-ந் தேதி, ஸ்பெயின் தேசியக் கலைக் கண்காட்சியில் ஹுவான் லூனா, இதால்கோ என்ற இரண்டு பிலிப்பைன்ஸ் ஓவியர்கள் தங்கமும் வெள்ளியும் வென்றதற்காக விருந்து நடந்தது. அன்று பகல் முழுக்க ரிசால் சாப்பிடவில்லை, கையில் காசில்லை. அந்த வயிற்றோடு எழுந்து நின்று, திறமைக்கு நாடும் இல்லை நிறமும் இல்லை என்ற கருத்தில் அவர் பேசிய பேச்சு மணிலா வரை போய், அவர் பெயரை அதிகாரிகளின் கறுப்புப் பட்டியலில் ஏற்றியது.

பாரிசிலும் ஹெய்டல்பெர்க்கிலும் புகழ்பெற்ற கண் மருத்துவர்களிடம் வேலை பழகினார். அதோடு கூடவே ஒரு நாவலும் வளர்ந்தது. பெயர் 'நோலி மே டாங்கரே'. பைபிளில் யோவான் சுவிசேஷத்தில் வரும் லத்தீன் தொடர். என்னைத் தொடாதே என்று அர்த்தம். 1887 மார்ச்சில் பெர்லினில் 2,000 பிரதி அச்சாயிற்று. அச்சுக்கூலிக்கு வழியில்லாமல் கையெழுத்துப் பிரதியோடு பட்டினி கிடந்தபோது வியோலா என்ற நண்பர் கடன் கொடுத்திருக்காவிட்டால் புத்தகமே வந்திருக்காது.

கதை என்ன? ஐரோப்பாவில் ஏழு வருஷம் படித்த இபார்ரா ஊர் திரும்புகிறான். அப்பா சிறையில் செத்துப்போயிருக்கிறார். பிணத்தைக்கூடக் கல்லறையிலிருந்து தோண்டி எடுத்திருக்கிறார்கள். பழிவாங்க அவன் நினைக்கவில்லை. ஊருக்கு ஒரு பள்ளிக்கூடம் கட்ட நினைக்கிறான். அதுதான் அவன் செய்யும் குற்றம்! அஸ்திவாரக் கல் நாட்டும் விழாவில், கல்லை இறக்க நிறுத்திய பாரந்தூக்கி மரச்சட்டம் சரிந்து அவன் மேல் விழும்படி சதி. முன்கூட்டி எச்சரிக்கப்பட்டதால் தப்புகிறான். சதிக்காகச் சட்டத்தை அமைத்தவனே அதில் மாட்டிச் சாகிறான். பள்ளிக்கூடம் எழும்பவில்லை.

1891-ல் பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் அச்சான இரண்டாவது நாவல் 'எல் பிலிபுஸ்தெரிஸ்மோ'. தூக்கிலிடுவதைவிடக் கொடூரமாகக் கொல்லப்பட்ட அந்த மூன்று பாதிரியார்களுக்குச் சமர்ப்பணம். இதில் வரும் ஓர் அத்தியாயத்தை நம் மாதிரி டெக்னிகல் படிக்கிறவர்கள் அவசியம் படிக்க வேண்டும். இயற்பியல் வகுப்பு. விலை உயர்ந்த கருவிகள் எல்லாம் கண்ணாடி பீரோவுக்குள் பளபளவென்று இருக்கும். வெளிநாட்டு விருந்தாளி வந்தால் காட்டுவார்கள். மாணவன் தொடக்கூடாது, பாடத்தை வரி பிசகாமல் ஒப்பிக்க வேண்டும். அர்த்தம் கேட்டால் அவமானம். பிளாசிதோ என்ற மாணவன் பொறுக்கமாட்டாமல் வகுப்பை விட்டே எழுந்து போகிறான். (படிக்கும்போது யாருக்காவது வேறு ஏதாவது லேப் நினைவுக்கு வந்தால் அதற்கு நான் பொறுப்பல்ல.)

அதே நாவலில் மாணவர்கள் ஒரு மனு கொடுக்கிறார்கள். என்ன கேட்டு? ஸ்பானிஷ் மொழி கற்றுத்தர ஒரு பள்ளி வேண்டும் என்று. துறவியர் குறுக்கே நிற்கிறார்கள். நம்ம ஊர் வரலாறு படித்தவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். ஆளவந்தவன் தன் மொழியைத் திணிப்பான், ஆளப்படுகிறவன் எதிர்ப்பான் என்றுதான் நாம் நினைப்போம். பிலிப்பைன்ஸில் நடந்தது வேறு. ஊருக்கு ஊர் பள்ளி வைத்து ஸ்பானிஷ் கற்பிக்க வேண்டும் என்று ஸ்பெயின் அரசே 1863-ல் சட்டம் போட்டிருந்தது. ஆனால் மேற்பார்வை சாமியார் கையில். இந்தியோவுக்கு ஸ்பானிஷ் தெரிந்தால் சட்டம் படிப்பான், மனு எழுதுவான், மாட்ரிட்டுக்கே கேள்வி அனுப்புவான். நடுவில் மொழிபெயர்ப்பாளராக நின்று பிழைக்கும் அதிகாரம் போய்விடும். ஆகவே மூன்று நூற்றாண்டு ஆண்டும், மெக்சிகோவிலும் பெருவிலும் பரவிய மாதிரி ஸ்பானிஷ் இங்கே பரவவில்லை. கற்றவர்களில் ஒருவர் ரிசால். பயந்தது போலவேதான் நடந்தது!

இன்னொரு புத்தகமும் உண்டு. மோர்கா என்ற ஸ்பானிய அதிகாரி 1609-ல் மெக்சிகோவில் வெளியிட்ட பிலிப்பைன்ஸ் வரலாற்றை, லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் உட்கார்ந்து கையால் பிரதி எடுத்து, அடிக்குறிப்புகள் சேர்த்து 1890-ல் பாரிசில் வெளியிட்டார். ஸ்பெயின் வருமுன்பே தன் மக்களுக்குக் கப்பல் கட்டவும் பீரங்கி வார்க்கவும் தெரிந்திருந்தது என்று காட்டுவதே நோக்கம். சில அடிக்குறிப்புகளில் அவர் பழம்பெருமையைக் கொஞ்சம் கூட்டியே சொல்லிவிட்டார் என்பது என் அபிப்பிராயம். ஆனால் அடித்து அடித்துக் குனியவைத்த ஜனத்தை நிமிர்த்த வேண்டியிருந்தது, அதையும் பார்க்க வேண்டும்.

நிலம் யாருடையது?

1887 ஆகஸ்டில் ஊர் திரும்பினார். நாவலை மதத்துக்கு விரோதமானது என்று சாந்தோ தோமாஸ் குழு தீர்ப்புச் சொல்லித் தடைக்குச் சிபாரிசு செய்தது. தடை வந்தால் என்ன ஆகும்? தேடித்தேடிப் படித்தார்கள்.

அந்தச் சமயத்தில் கலம்பா பண்ணையின் கணக்கு வழக்கு பற்றி அரசாங்கம் விவரம் கேட்டது. குத்தகைதாரர்கள் சார்பில் அறிக்கை எழுதியவர் ரிசால். பண்ணை எல்லை வயல்களோடு நிற்கவில்லை, ஊரையே விழுங்கிவிட்டது என்றார். விளைச்சல் போனாலும் குத்தகை ஏறுகிறது. காட்டை வெட்டித் திருத்தியவனை அற்பக் காரணம் சொல்லி வெளியேற்றுகிறார்கள். ஊர்ப் பள்ளிக்குப் பண்ணை ஒரு காசு கொடுத்ததில்லை என்று ஒவ்வொன்றாக எழுதி ஊர்க்காரர்களிடம் கையெழுத்து வாங்கினார். நாவலைக்கூட மன்னித்திருப்பார்கள், இதை மன்னிக்கவில்லை. 1888 பிப்ரவரியில் மறுபடி நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று. ஹாங்காங், ஜப்பான், அமெரிக்கா, லண்டன் என்று அலைந்தார்.

அவர் போன பிறகு பழி குடும்பத்தின் மேல் இறங்கியது. 1889-ல் காலராவில் இறந்த அக்காள் புருஷனுக்குக் கல்லறையில் இடம் மறுத்தார்கள். வழக்கு கோர்ட்டில் தோற்றது. 1890-ல் கவர்னர் ஜெனரல் வெய்லர் பீரங்கிப் படைப்பிரிவையே கலம்பாவுக்கு அனுப்பிவைத்தார். வீடுகள் இடிந்தன, எரிந்தன. வயதான அப்பா அம்மா உட்பட ஊரே தெருவுக்கு வந்தது. அண்ணனையும் மைத்துனர்களையும் தீவு கடத்தினார்கள். ஒரு சர்வேயருக்கு எல்லைக்கல் எவ்வளவு பெரிய ஆயுதம், எவ்வளவு பெரிய ஆபத்து என்று கலம்பாவில் தெரிந்தது.

ஹாங்காங்கில் கண் ஆஸ்பத்திரி வைத்து நன்றாகச் சம்பாதித்தார். அம்மாவுக்கு அங்கே அவரே கண் ஆபரேஷன் செய்தார். அங்கேயே இருந்திருக்கலாம். நண்பர்கள் எல்லோரும் தடுத்தும் 1892 ஜூன் 26-ந் தேதி மணிலாவில் இறங்கினார். ஜூலை 3-ந் தேதி 'லா லிகா பிலிப்பினா' என்ற சங்கம் தொடங்கினார். கல்வி, விவசாயம், வியாபாரம், ஒருவருக்கொருவர் உதவி, இவைதான் நோக்கம். துப்பாக்கி பற்றிப் பேச்சே இல்லை. மூன்று நாளில் கைது. அவரைத் தெற்கே மிண்டனாவோ தீவில் தப்பித்தான் என்ற மூலைக்கு நாடு கடத்தினார்கள்.

தப்பித்தானில் நாலு வருஷம்

பெயர் தமிழ்க் காதுக்குத் தப்பித்தான் என்று கேட்கிறது. ஆனால் தப்ப முடியாத இடம். அவர் தப்பவும் முயலவில்லை. சிறைக் காவலராக இருந்த கேப்டனோடு சேர்ந்து வாங்கிய லாட்டரிச் சீட்டுக்குப் பரிசு விழுந்தது. இவர் பங்கு 6,200 பெசோ. அதில் தலிசாய் என்ற கடற்கரைப் பகுதியில் நிலம் வாங்கி மூங்கில் வீடு கட்டினார். பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். ஃபீஸ் கிடையாது, பையன்கள் தோட்டத்திலும் கட்டுமானத்திலும் வேலை செய்து படித்தார்கள். கணக்கு, ஜியோமிதி, ஸ்பானிஷ், இங்கிலீஷ், நீச்சல் எல்லாம் பாடம். கருவியைப் பீரோவில் பூட்டிய வகுப்பைக் கேலி செய்தவர், தன் வகுப்பில் கருவியைப் பையன்கள் கையிலேயே கொடுத்துவிட்டார்.

ஊருக்குள் நல்ல தண்ணீர் இல்லை. மலை ஓடையிலிருந்து கொண்டுவர லெவல் எடுத்தார். வெடி வைத்துப் பாறை உடைக்க மருந்து இல்லை. அரசாங்கப் பணமும் இல்லை. அதனால் வாய்க்காலைப் பாறைகளுக்கு நடுவே வளைத்து வளைத்துக் கொண்டுபோனார். பள்ளம் வந்த இடத்தில் கல்லாலும் செங்கல்லாலும் தூண் நிறுத்தி மூங்கில் குழாயில் தண்ணீரைத் தாண்டவைத்தார். பல வருஷம் கழித்து வந்த ஓர் அமெரிக்க எஞ்சினியர் அந்தப் பாதையைப் பார்த்துவிட்டு, வெடிமருந்தே இல்லாமல் இதைச் செய்தவரை மெச்சி எழுதினார். தலிசாயில் அவரும் மாணவர்களும் சேர்ந்து கட்டிய சிறு அணை இன்னும் இருக்கிறது.

ஊர்ச் சதுக்கத்தில், தேடி வந்த பழைய ஆசிரியர் சான்செஸ் பாதிரியாரோடு சேர்ந்து, மிண்டனாவோ தீவின் மேடுபள்ளத்தைக் காட்டும் பெரிய நிலப்படம் ஒன்றை மண்ணிலும் கல்லிலும் அமைத்தார். இன்றும் அங்கே போகிறவர்கள் அதைப் பார்க்கலாம். ஒரு நோயாளி கொடுத்த 500 பெசோவில் தெருவெல்லாம் தேங்காய் எண்ணெய் விளக்குப் போட்டார். செங்கல் அறுக்க மரத்திலேயே ஓர் இயந்திரம் செய்தார். பல்லி, தவளை, வண்டு பிடித்து ஜெர்மனிக்கு அனுப்பினார். பறக்கும் பல்லி ஒன்றுக்கு அவர் பெயரை வைத்தார்கள். 1895-ல் வளர்ப்புத் தந்தையின் கண்ணுக்கு வைத்தியம் பார்க்க ஹாங்காங்கிலிருந்து வந்த ஜோசபின் பிராக்கன் என்ற ஐரிஷ் வம்சப் பெண் அங்கேயே அவரோடு தங்கிவிட்டாள். சர்ச்சில் கல்யாணம் செய்துவைக்கத் தயாரில்லை. எழுதியதையெல்லாம் முதலில் மறுத்துக்கொடு என்றார்கள். பிறந்த ஒரே குழந்தையும் தங்கவில்லை.

இதற்கிடையில் மணிலாவில் அவர் கைதான கையோடு, கிடங்கு வேலை பார்த்த ஆந்திரேஸ் பொனிபாசியோ என்ற சாதாரண மனிதர் 'காதிபுனான்' என்ற ரகசியப் புரட்சிச் சங்கத்தைத் தொடங்கியிருந்தார். 1896 ஜூனில் அவர்களுடைய ஆள், ஒரு குருடரை நோயாளி என்று கூட்டிக்கொண்டு தப்பித்தானுக்கு வந்து அபிப்பிராயம் கேட்டார். ஆயுதம் இல்லாமல், ஆயத்தம் இல்லாமல் வேண்டாம் என்றார் ரிசால். இதற்காக அவரைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்பவர்கள் உண்டு. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பயந்தவர் ஹாங்காங்கை விட்டு வந்திருக்க மாட்டார். ஆனால் கிடங்குத் தொழிலாளிக்குத் தெரிந்த அவசரம் படித்த டாக்டருக்குத் தெரியவில்லை என்பதும் உண்மைதான்.

கடைசி டிசம்பர்

கியூபாவும் அப்போது ஸ்பெயினுக்கு எதிராகப் போராடிக்கொண்டிருந்தது. அங்கே மஞ்சள் காய்ச்சல். டாக்டராகப் போகிறேன் என்று ரிசால் மனு போட்டிருந்தார். கியூபாவில் அப்போது கவர்னர் யார் தெரியுமா? கலம்பாவுக்குப் பீரங்கி அனுப்பிய அதே வெய்லர்! அனுமதி வந்து 1896 ஜூலை 31-ந் தேதி தப்பித்தானை விட்டுப் புறப்பட்டார். ஆகஸ்ட் கடைசியில் புரட்சி வெடித்தது. கப்பலிலேயே கைது செய்து, பார்சலோனா கோட்டைச் சிறையில் காட்டிவிட்டு, அடுத்த கப்பலில் திருப்பி அனுப்பினார்கள். நவம்பர் 3-ந் தேதி மணிலா சாந்தியாகோ கோட்டை. தம்பிக்கு எதிராகக் கையெழுத்து வாங்க அண்ணன் பசியானோவைச் சித்திரவதை செய்தார்கள். அவர் போடவில்லை.

கலகத்தைக் கண்டித்து ரிசாலே ஓர் அறிக்கை எழுதினார். அதிகாரிகள் அதை வெளியிடவில்லை. காரணம், உரிமை வேண்டாம் என்று அதில் இல்லை. இந்த வழி வேண்டாம் என்றுதான் இருந்தது. டிசம்பர் 26-ந் தேதி ராணுவ நீதிமன்றம் ஒரே நாளில் விசாரித்து முடித்தது. 28-ந் தேதி கவர்னர் ஜெனரல் போலாவியேஹா தீர்ப்பில் கையெழுத்துப் போட்டார்.

29-ந் தேதி அம்மாவும் சகோதரிகளும் பார்க்க வந்தார்கள். தங்கை திரினிதாதிடம் ஒரு சிறிய ஸ்பிரிட் அடுப்பைக் கொடுத்து, உள்ளே ஏதோ இருக்கிறது என்று இங்கிலீஷில் மெதுவாகச் சொன்னார். காவலாளிகளுக்கு இங்கிலீஷ் தெரியாது. உள்ளே மடித்து வைத்திருந்தது ஸ்பானிஷ் மொழியில் 14 பத்திகள் கொண்ட கவிதை. தலைப்பு இல்லை, கையெழுத்து இல்லை. கடைசி விடை என்ற பொருளில் பிற்பாடு மற்றவர்கள் தலைப்பு வைத்தார்கள்.

டிசம்பர் 30, காலை ஏழு மணி, பாகும்பாயான் மைதானம். சுடுவதற்கு நிறுத்தியது உள்நாட்டுச் சிப்பாய்களை. அவர்கள் சுடாவிட்டால் அவர்களைச் சுடப் பின்னால் ஸ்பானியச் சிப்பாய்கள் ஒரு வரிசை. நெஞ்சில் சுடச் சொல்லிக் கேட்டார். துரோகிக்கு முதுகில்தான் என்றார்கள். ராணுவ டாக்டர் நாடி பார்த்தார். துடிப்பு சாதாரணமாக இருந்தது. குண்டு பாயும்போது உடம்பைத் திருப்பி வானம் பார்த்து விழுந்தார். வயது 35.

உடலைப் பெட்டியில்கூட வைக்காமல் பாக்கோ கல்லறையில் ரகசியமாகப் புதைத்தார்கள். அக்காள் நார்சிசா கல்லறை கல்லறையாகத் தேடிப்போனார். ஓரிடத்தில் காவலர் நிற்பதைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். பெயரின் முதல் எழுத்துகளைத் திருப்பிப் போட்டு ஆர்.பி.ஜே. என்று ஒரு கல்லில் வெட்டி அங்கே வைக்கச் செய்தார். 1898-ல் ஸ்பெயின் கொடி இறங்கிய பிறகே தோண்டி எடுக்க முடிந்தது. 1912 முதல் அந்த மைதானத்திலேயே, நினைவுச்சின்னத்தின் அடியில் இருக்கிறார்.

1898 டிசம்பரில் ஸ்பெயின் இந்தத் தீவுகளை 2 கோடி டாலருக்கு அமெரிக்காவிடம் எழுதிக் கொடுத்தது. தீவுக்காரர்களைக் கேட்கவில்லை. புரட்சிக்காரர்கள் 1899-ல் அறிவித்த குடியரசின் அரசியல் சட்டம் ஸ்பானிஷ் மொழியில்தான் இருந்தது. அதை அமெரிக்கப் படை நசுக்கியது. கப்பல் கப்பலாக அமெரிக்க ஆசிரியர்கள் வந்து, துறவியர் தர மறுத்த பொதுக்கல்வியை இங்கிலீஷில் தந்தார்கள். ஆயுதம் வேண்டாம் என்ற ரிசாலைத் தேசத் தலைவராக முன்னிறுத்துவது அமெரிக்கர்களுக்கு வசதியாக இருந்தது என்று பிலிப்பைன்ஸ் வரலாற்றாசிரியர்கள் சிலர் வாதிடுகிறார்கள். அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் காதிபுனான்காரர்கள் அதற்கு முன்பே அவர் படத்தை மாட்டி வைத்திருந்தார்களே!

ஸ்பெயின் விட்டுப்போனவை ஏராளம். மக்களில் சுமார் 80 சதவிகிதம் பேர் கத்தோலிக்கர். ஊர் நடுவே சதுக்கம், அதன் ஓரத்தில் கோயில், ஊர்த் திருவிழா, எல்லாம் அப்படியே. டகாலோக் மொழியில் மேஜை மெசா, ஜன்னல் பிந்தானா, காலணி சபாதோஸ், குதிரை கபாயோ. நம் மேசையும், இலங்கைத் தமிழர் சொல்லும் சப்பாத்தும் போர்த்துக்கீசியர் தந்த சொற்கள். அதனால்தான் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள் போல இவை ஒத்திருக்கின்றன. 1762-ல் மணிலாவைப் பிடிக்கச் சென்னைக் கோட்டையிலிருந்து போன ஆங்கிலப் படையின் சிப்பாய்கள் சிலர் திரும்பி வராமல் கைந்தா என்ற ஊரில் பெண் எடுத்துத் தங்கிவிட்டார்கள். அவர்கள் வம்சம் இன்றும் அங்கே உண்டு. அந்த ஊர் இருக்கும் மாகாணத்தின் பெயர், ரிசால்.

ஸ்பானிஷ் மொழி மட்டும் நிற்கவில்லை. 1987 அரசியல் சட்டத்தோடு அதன் அரசு மொழித் தகுதியும் போயிற்று.

1956-ல் பிலிப்பைன்ஸ் பார்லிமெண்டில் ஒரு மசோதா வந்தது. எல்லாக் கல்லூரிகளிலும் ரிசாலின் வாழ்க்கையும் இரண்டு நாவல்களும் கட்டாயப் பாடம். சபையினர் கடுமையாக எதிர்த்தார்கள்; பள்ளிகளை மூடிவிடுவோம் என்றுகூடப் பேச்சு எழுந்தது. மசோதா கொண்டுவந்த செனட்டர் ரெக்டோ விடவில்லை; சட்டமாயிற்று. அதனால் அங்கே சிவில் எஞ்சினியரிங் படிக்கிற பையனும், நர்சிங் படிக்கிற பெண்ணும், கணக்கியல் படிக்கிறவரும் ரிசால் பாடத்தில் பாஸானால்தான் டிகிரி வாங்க முடியும். கண்ணாடி பீரோ இயற்பியல் வகுப்பையும், ஸ்பானிஷ் பள்ளி கேட்டு மாணவர்கள் கொடுத்த மனுவையும் அவர்கள் இங்கிலீஷ் அல்லது டகாலோக் மொழிபெயர்ப்பில் படிக்கிறார்கள்.